கணக்கிலிருந்து நீக்கப்பட்டோர்: நாசி ஜேர்மனியில் வலதுகுறைந்தோர் கொலையும் அதன் நினைவுகூரலும்

நாசி ஆட்சியின் கொடுமைகளைப் பற்றிப் பேசுமிடத்து ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதரின் அழிவும், அவ்வழிவின் சின்னமாகிவிட்ட ஔஷ்விட்ஸ் முகாமும் முதற்கண் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயின் அம்முகாமில் மனிதரைக் கொல்வதற்கு நச்சுவாயு பயன்படுத்தப்படுவதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்னதாகவே, ஜேர்மனியின் நடுப்பகுதியில், சிகிச்சை நிலையங்கள் என்னும் பெயர் தாங்கிய கட்டடங்களில், வைத்தியர்களின் கைகளினாலேயே வாயுக் குழாய்கள் திறக்கப்பட்டன. அங்கு மாண்டோர் மனநோயாளர், வலிப்பு நோயாளர், பிறவியிலேயே உளவளர்ச்சி குன்றியோர், அங்கவீனர் ஆகியோராவர். இவர்கள் எவ்விதச் சிந்தனையின் பெயரால் கொல்லப்பட்டனர், எவ்வகை நிர்வாகப் பொறிமுறையினாற் கொல்லப்பட்டனர், யுத்தம் முடிந்த பின்னரும் நெடுங்காலம் ஏன் நினைவுகூரப்படாதிருந்தனர் என்னும் மூன்று வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே சொல்வழக்குப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். நாசிகள் தமது செயலை 'நல்மரணம்' எனப் பொருள்படும் பழைய கிரேக்கச் சொல்லாற் சுட்டினர். அச்சொல்லுக்கு நாம் வழங்கும் தமிழ் 'கருணைக்கொலை' என்பதாகும். இங்கு நிகழ்ந்ததில் கருணை இருக்கவில்லை. இறப்போரின் வேண்டுகோளோ சம்மதமோ இருக்கவில்லை. கொல்லப்பட்டோருட் பெரும்பாலானோர் சாகுந் தறுவாயில் இருந்தவருமல்லர். எனவே அச்சொல்லை விடுத்துக் கொலை என்ற நேர்ச்சொல்லே இங்கு ஆளப்படுகின்றது.

1. சிந்தனைப் பின்னணி

வலதுகுறைந்தோரைச் சமுதாயத்தின் சுமையாகக் கருதும் நோக்கு ஹிட்லரின் கண்டுபிடிப்பன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே பிரான்சிஸ் கால்டன் வகுத்த 'யூஜெனிக்ஸ்' எனப்படும் இனமேம்பாட்டுக் கொள்கை, 'தகுதி' உடையோர் பெருகவும் 'தகுதி' அற்றோர் குறையவும் வேண்டும் என்றது. 1907 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இந்தியானா மாநிலம் கட்டாய மலடாக்கலுக்குச் சட்டம் இயற்றியது. 1927 இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே வேர்ஜினியா மாநிலத்தின் அத்தகைய சட்டமொன்றை ஏற்புடையதெனத் தீர்த்தது. டென்மார்க் 1929 இலும், சுவீடனும் நோர்வேயும் 1934 இலும் மலடாக்கற் சட்டங்களை இயற்றின.

முற்போக்குச் சிந்தனையாளர் இவ்விடத்திற் சற்றுத் தரித்து நோக்குதல் தகும். ஸ்கண்டினேவிய நாடுகளில் இச்சட்டங்களுக்கு ஆதரவளித்தோருட் சமூக சனநாயகவாதிகளும் இருந்தனர். ஜேர்மனியிலும் அல்பிரெட் குரொட்ஜான் போன்ற சமூக சனநாயக வைத்தியர்கள் இனமேம்பாட்டுக் கொள்கையைப் பொதுச் சுகாதாரத்தின் ஒரு கூறாக எண்ணினர். விஞ்ஞானத்தாற் சமுதாயத்தைத் திட்டமிட்டுச் சீராக்கலாம் என்னும் நம்பிக்கை, திட்டத்திற்குள் அடங்காத மனிதரை என்செய்வது என்ற வினாவை எதிர்கொண்டபோது வலதுசாரிகளுடன் ஒரே விடையைப் பகிர்ந்துகொண்டதுண்டு. இவர்கள் கொலையை வேண்டியவரல்லர். ஆயினும் மனிதரை மதிப்பிடும் அளவுகோல் இவர்கள் கையிலும் இருந்தது.

மலடாக்கலுக்கும் கொலைக்கும் இடைப்பட்ட எல்லையை எழுத்தில் முதலிற் கடந்தோர் இருவர். சட்ட அறிஞரான கார்ல் பின்டிங்கும் உளமருத்துவப் பேராசிரியரான அல்பிரெட் ஹொகேயும் சேர்ந்து 1920 இல் லைப்சிக் நகரில் வெளியிட்ட சிறு நூல், 'வாழத் தகுதியற்ற உயிர்' என்ற கருத்தை முன்வைத்து, அத்தகைய உயிரை அழிக்கச் சட்டம் இடந்தர வேண்டுமென வாதிட்டது. முதலாம் உலக யுத்தத்தின் தோல்வியும், வறுமையும், யுத்தக் காலத்தில் மனநோய் நிலையங்களிற் பல்லாயிரக்கணக்கானோர் பட்டினியால் மாண்ட அனுபவமும் அந்நூலுக்குப் பின்னணியாயின. உழைக்க இயலாதோரைப் பேணுவதற்குச் செலவாகும் பணமும் உணவும் அதிற் கணக்கிடப்பட்டன. அக்கணக்கே பின்னர் ஆட்சியின் கொள்கையாயிற்று.

2. சட்டமும் சத்திரசிகிச்சையும்

1933 ஜனவரியில் ஆட்சிக்கு வந்த நாசிகள் அதே ஆண்டு ஜூலை 14 ஆம் திகதி பரம்பரை நோயுடைய சந்ததியைத் தடுக்கும் சட்டத்தை இயற்றினர். அது 1934 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. பிறவி உளக்குறைபாடு, மனப்பிளவு நோய், பரம்பரை வலிப்பு, பரம்பரைக் குருடு, பரம்பரைச் செவிடு, கடும் உடற்குறை முதலியனவும் கடுமையான குடிப்பழக்கமும் அதில் இடம்பெற்றன. இவற்றை விசாரிக்கப் 'பரம்பரைச் சுகாதார நீதிமன்றங்கள்' நிறுவப்பட்டன. ஒரு நீதிபதியும் இரு வைத்தியர்களும் கொண்ட அம்மன்றங்களின் தீர்ப்பினால் 1945 வரை ஏறத்தாழ 4 இலட்சம் பேர் மலடாக்கப்பட்டனர். சத்திரசிகிச்சையினால் மாண்டோர் பல்லாயிரவர். அவருட் பெரும்பாலார் பெண்கள்.

இச்சட்டத்தின் கண்களாகவும் காதுகளாகவும் விளங்கியோர் யாவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. வைத்தியர், தாதியர், சமூக சேவையாளர், ஆசிரியர் ஆகியோரே அவர்கள். செவிப்புலனற்றோர் பாடசாலைகளில் ஆசிரியர்கள் தம் மாணவரையே அதிகாரிகளுக்குக் காட்டிக்கொடுத்தனர். 'உளக்குறைபாடு' என்ற பிரிவோ மிக நெகிழ்ச்சியானது. வறியோர், ஒழுக்கந் தவறியோர் எனக் கருதப்பட்ட பெண்கள், உதவிப்பணம் பெற்றோர் ஆகியோரையும் அதனுள் அடக்க முடிந்தது. வகுப்புப் பாகுபாடு நோயறிதலின் வேடம் பூண்டு வந்தது எனலாம்.

சட்டத்துடன் பிரசாரமும் கைகோத்தது. பரம்பரை நோயாளர் ஒருவர் தம் வாழ்நாளில் மக்களுக்கு 60,000 மார்க் செலவாக்குகிறார் எனச் சுவரொட்டிகள் அறிவித்தன. நோயாளரைப் பேணும் செலவைத் தொழிலாளர் குடும்பத்தின் தேவைகளுடன் ஒப்பிடும் கணிதப் பயிற்சிகள் பாடநூல்களில் இடம்பெற்றன. கொலைக்கு முன்னரே குழந்தைகள் அக்கணக்கைச் செய்து பழகிவிட்டனர்.

3. கொலையின் நிர்வாகம்

கொலை குழந்தைகளிடமிருந்தே தொடங்கிற்று. கடும் உடற்குறைகளுடன் பிறந்த குழந்தையொன்றின் குடும்பத்தினர் ஹிட்லருக்கு அனுப்பிய மனு 1939 இல் அவருடைய வைத்தியரான கார்ல் பிரான்டின் தலையீட்டிற்குக் காரணமாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் 18 ஆம் திகதி உள்நாட்டமைச்சு வெளியிட்ட இரகசியக் கட்டளை, குறைபாடுகளுடன் பிறக்கும் குழந்தைகளையும் மூன்று வயதிற்குட்பட்ட அத்தகைய சிறாரையும் பற்றி அறிக்கையிடுமாறு வைத்தியர்களையும் மருத்துவிச்சிகளையும் பணித்தது. தெரிவுசெய்யப்பட்ட சிறார் 'சிறுவர் சிறப்புப் பிரிவுகள்' எனப்பட்ட விடுதிகளுக்கு அனுப்பப்பட்டு, மிகையான மருந்தினாலோ பட்டினியினாலோ கொல்லப்பட்டனர். இவ்வாறு மாண்ட சிறாரின் தொகை குறைந்தது 5,000 எனக் கணிக்கப்படுகின்றது. வியன்னாவின் 'அம் ஸ்பீகல்குருண்ட்' நிலையத்தில் மட்டும் 789 சிறாரின் இறப்பு பதிவாகியுள்ளது.

வளர்ந்தோரைக் கொல்வதற்கான அதிகாரத்தை ஹிட்லர் 1939 ஒக்டோபரில் தமது சொந்தக் கடிதத்தாளில் ஒப்பமிட்டுப் பிலிப் பூலருக்கும் கார்ல் பிரான்டுக்கும் வழங்கினார். யுத்தம் தொடங்கிய செப்டெம்பர் முதலாந் திகதி அக்கடிதத்தில் முன்திகதியாக இடப்பட்டது. புறத்தே எதிரியுடனும் அகத்தே 'பயனற்றோருடனும்' ஒரே நாளில் யுத்தம் தொடங்கியதென்பதே அதன் குறிப்பு. இதற்கெனச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. நாசிச் சட்டத்தின்படியும் இது கொலையாகவே இருந்தது.

பேர்லினில் டீர்கார்டன் வீதி 4 ஆம் இலக்க மாளிகையிலிருந்து இயங்கியமையால் இத்திட்டம் பின்னர் 'ரி 4' எனப் பெயர்பெற்றது. நிலையங்களுக்குப் படிவங்கள் அனுப்பப்பட்டன. நோய், நிலையத்தில் இருந்த காலம், இனம் ஆகியவற்றுடன் நோயாளர் செய்யக்கூடிய வேலை யாது என்பதும் அவற்றில் வினவப்பட்டது. மூன்று மதிப்பீட்டாளர்கள் நோயாளரைக் காணாமலேயே படிவத்தைப் பார்த்துச் சிவப்புக் கூட்டற்குறியோ நீலக் கழித்தற்குறியோ இட்டனர். சிவப்பு மரணத்தைக் குறித்தது. உழைக்கும் ஆற்றலே பெரும்பாலும் உயிருக்கு விலையாயிற்று. யூத நோயாளர் விடயத்தில் இக்கணக்குங்கூட நோக்கப்படவில்லை. 1940 இல் அவர்கள் ஒட்டுமொத்தமாகத் திரட்டிக் கொல்லப்பட்டனர்.

கிராபெனெக், பிரான்டன்பேர்க், ஹார்ட்ஹைம், சொன்னென்ஸ்டைன், பேர்ன்பேர்க், ஹடமார் ஆகிய ஆறிடங்களிற் கொலை நிலையங்கள் அமைந்தன. 1940 ஜனவரியிற் கிராபெனெக்கில் கொலை தொடங்கியது. சாம்பல் நிறப் பேருந்துகளில் நோயாளர் கொண்டுவரப்பட்டனர். ஆடை களைந்து, வைத்தியர் ஒருவர் முன் நிறுத்தப்பட்டு, நீராடும் அறைபோல் அமைக்கப்பட்ட அறைக்குள் அடைக்கப்பட்டனர். காபனோரொட்சைட்டு வாயுவை வைத்தியரே திறந்துவிட்டார். உறவினருக்கு நோய்க் காரணம் புனையப்பட்ட கடிதமும், விரும்பினால் யாரோ ஒருவரின் சாம்பலும் அனுப்பப்பட்டன. முன்னரே குடல்வால் அகற்றப்பட்டவர் குடல்வால் அழற்சியால் மாண்டார் எனக் கடிதம் வந்ததும் உண்டு.

கொல்லப்பட்டோருள் டிரெஸ்டனில் 1899 இற் பிறந்த ஓவியர் எல்பிரிடே லோசே வெக்ட்லரும் ஒருவர். ஹம்பேர்க் நகரின் உழைக்கும் பெண்களையும் மனநோய் விடுதியிலிருந்தோரின் முகங்களையும் வரைந்த அவர், 1935 இற் கட்டாயமாக மலடாக்கப்பட்டு, 1940 ஜூலை 31 ஆம் திகதி சொன்னென்ஸ்டைனிற் கொல்லப்பட்டார். ஒருவரின் பெயரைச் சொல்வது மற்றையோரை மறைப்பதற்கன்று. படிவமொன்று எத்தகைய வாழ்வைக் கோடொன்றால் முடித்தது என்பதை உணர்வதற்கே.

1941 ஓகஸ்ட் இறுதிவரை இவ்வாறு நிலையங்களிற் கொல்லப்பட்டோரின் தொகை 70,273 என்பது கொலைகாரரின் சொந்தக் கணக்காகும். யுத்தத்தின் பின் ஹார்ட்ஹைமிற் கண்டெடுக்கப்பட்ட புள்ளிவிபரத் தொகுதி, இவர்கள் இறந்தமையாற் பத்தாண்டுகளில் மிச்சமாகும் ரொட்டி, இறைச்சி, உருளைக்கிழங்கு முதலியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டு, மொத்தச் சேமிப்பு 88 கோடி மார்க்குக்கும் மேல் எனக் காட்டுகின்றது.

4. எதிர்ப்பும் அதன் எல்லையும்

இரகசியம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஹடமாரின் புகைபோக்கியையும் பேருந்துகளையும் ஊரார் கண்டனர். அப்பேருந்துகள் எதற்கு வருகின்றன என்பதைச் சிறுவரும் அறிந்திருந்தனர். பிரான்டன்பேர்க் நகரிற் பாதுகாவல் வழக்குகளை விசாரித்த நீதிபதி லோதார் கிறைசிக், தம் பொறுப்பிலிருந்த நோயாளர் மறைவதைக் கண்டு 1940 இல் நீதியமைச்சருக்கு எழுதினார்; பின்னர் பூலர் மீது கொலைக் குற்றம் சாட்டி முறைப்பாடும் செய்தார். ஹிட்லரின் கடிதத்தை அவரிடம் காட்டியபோது அது சட்டமாகாது என மறுத்தார். அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். எனினும் சிறைப்படவோ கொல்லப்படவோ இல்லை. மறுத்தால் மரணமே என்னும் பிற்கால நியாயத்திற்கு அவர் வாழ்வு எதிர்ச் சான்றாகும்.

புரட்டஸ்தாந்து திருச்சபையின் பவுல் பிறவுன 1940 இல் விரிவான மகஜரொன்றைச் சமர்ப்பித்துச் சிறை சென்றார். 1941 ஓகஸ்ட் 3 ஆம் திகதி மூன்ஸ்டர் நகரின் கத்தோலிக்க ஆயர் வொன் காலென் மறையுரையிலே இக்கொலைகளை வெளிப்படையாகக் கண்டித்தார். உழைக்க இயலாதோரைக் கொல்லலாம் எனில் முதுமையடையும் எவருக்கும், யுத்தத்திற் காயமுற்றுத் திரும்பும் போர்வீரருக்கும் அதே கதியே என்பது அவர் வாதம். அம்மறையுரையின் பிரதிகள் இரகசியமாகப் பரவின. மூன்று வாரங்களின் பின், ஓகஸ்ட் 24 இல், ஹிட்லர் வாயுக் கொலைகளை நிறுத்தப் பணித்தார்.

இதனை மக்கள் எதிர்ப்பின் முழு வெற்றியாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஏறத்தாழ எழுபதாயிரம் என்ற முற்கணிப்பு அதற்குள் நிறைவேறியிருந்தது. கொலை நிற்கவுமில்லை; அது மறைவாகி, நிலையங்கள் பலவற்றிற்கும் பரவிற்று. பவேரியாவில் 1942 நவம்பர் இறுதியிற் பிறப்பிக்கப்பட்ட கட்டளையின்படி உழைக்க இயலாத நோயாளருக்கு ஊட்டமற்ற உணவு மட்டும் வழங்கப்பட்டது. தாதியர் மருந்தூசியேற்றிக் கொன்றனர். கிழக்கே போலந்திலும் சோவியத் நாட்டிலும் மனநோய் நிலையங்களிலிருந்தோர் சுட்டும் வாயு ஊர்திகளில் அடைத்தும் கொல்லப்பட்டனர். ஜேர்மன் ஆட்சிக்குட்பட்ட ஐரோப்பா முழுவதிலும் கொல்லப்பட்ட நோயாளரும் வலதுகுறைந்தோரும் ஏறத்தாழ 3 இலட்சம் என இன்றைய ஆய்வாளர் மதிப்பிடுவர். கவ்பொய்ரன் நிலையத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் 1945 மே 29 இற் கொல்லப்பட்டான். ஜேர்மனி சரணடைந்து மூன்று வாரங்கள் கடந்துவிட்டன. நகரிலே அமெரிக்கப் படை இருந்தது. கட்டளையிட ஆட்சியே இல்லாதபோதும் வழக்கம் தொடர்ந்தது.

5. முகாம்களுக்கான பாதை

வலதுகுறைந்தோர் கொலை, யூதர் அழிவிலிருந்து வேறான கிளைக்கதையன்று. 1941 வசந்த காலம் முதல் வதைமுகாம்களில் நோயுற்ற கைதிகள் 'ரி 4' வைத்தியர்களாலேயே தெரிவுசெய்யப்பட்டு இந்நிலையங்களிற் கொல்லப்பட்டனர். வாயுக் கொலை நிறுத்தப்பட்டதும் அதன் பணியாளருள் நூற்றுக்கு மேற்பட்டோர் போலந்திற்கு அனுப்பப்பட்டனர். பிரான்டன்பேர்க், பேர்ன்பேர்க் நிலையங்களின் வைத்தியரான இர்ம்பிரீட் ஏபெர்ல், திரெப்ளிங்காவின் முதற் கட்டளை அதிகாரியானார். ஹார்ட்ஹைமிற் பணியாற்றிய பிரான்ஸ் ஸ்டாங்கல் சொபிபோருக்கும் பின் திரெப்ளிங்காவுக்கும் தலைமை தாங்கினார். பெல்செக் முகாமை நிறுவிய கிறிஸ்டியன் விர்த்தும் இத்திட்டத்தில் வளர்ந்தவரே. நீராடும் அறையென ஏமாற்றும் முறை, உடல்களை எரிக்கும் ஒழுங்கு, பொற்பற்களைக் கழற்றும் வழக்கம் யாவும் அவர்களுடன் சென்றன.

6. மறதியின் வரலாறு

யுத்தத்தின் பின் நீதி ஓரளவு செயற்பட்டது. நியூரம்பேர்க் வைத்தியர் வழக்கின் முடிவிற் பிரான்டும் விக்டர் பிராக்கும் 1948 ஜூனிலே தூக்கிலிடப்பட்டனர். எனினும் 1945 ஒக்டோபரில் அமெரிக்கர் நடத்திய முதலாவது ஹடமார் வழக்கில், அங்கு கொல்லப்பட்ட போலந்து, சோவியத் தொழிலாளர் பற்றியே விசாரிக்கப்பட்டது. ஒரு நாடு தன் குடிமக்களையே கொல்வது அன்றைய சர்வதேசச் சட்டத்தின் எல்லைக்குள் அடங்காமையே காரணம்.

குற்றவாளிகளுட் பலர் மீண்டும் வெள்ளை அங்கி அணிந்தனர். 'ரி 4' இன் தலைமை மதிப்பீட்டாளரான வேர்னர் ஹைட பொய்ப் பெயருடன் 1959 வரை நீதிமன்றங்களுக்கு மருத்துவ நிபுணராக அறிக்கை எழுதி வாழ்ந்தார். ஸ்பீகல்குருண்டில் பணியாற்றிய ஹைன்ரிச் குரோஸ், அங்கு மாண்ட சிறாரின் மூளைகளை வைத்து யுத்தத்தின் பின்னும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டு, 1975 இல் ஒஸ்திரியாவின் விருதும் பெற்றார். அதே ஆண்டிற் சிறையிலிருந்த பிரிட்ரிக் சாவ்ரெல் என்பாரைப் பரிசோதிக்க நீதிமன்ற உளமருத்துவராக அவர் வந்தபோது, சாவ்ரெல் அவரை அடையாளங் கண்டார்; சிறுவயதில் ஸ்பீகல்குருண்டில் அடைபட்டிருந்தவர் அவர். குரோஸ் மீதான வழக்கு 2000 இல் ஆரம்பித்தும், முதுமறதியைக் காரணங்காட்டி நிறுத்தப்பட்டது. அவர் தீர்ப்பின்றியே 2005 இல் மறைந்தார். சிறாரின் எச்சங்கள் 2002 இல்தான் வியன்னா மத்திய மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டன.

பாதிக்கப்பட்டோர் நிலை வேறு. மேற்கு ஜேர்மனியின் நட்டஈட்டுச் சட்டம் இன, சமய, அரசியற் காரணங்களாற் துன்புறுத்தப்பட்டோரையே கருத்திற்கொண்டது. மலடாக்கற் சட்டம் பிறநாடுகளிலும் இருந்ததாகையால் அது நாசி அநீதியன்று என வாதிக்கப்பட்டது. 1961 இற் பாராளுமன்றக் குழு இது பற்றிக் கருத்துக் கேட்ட நிபுணருள், கொலைத்திட்டத்தின் மதிப்பீட்டாளர் பட்டியலில் இடம்பெற்றிருந்த வேர்னர் வில்லிங்கரும் ஒருவர். நட்டஈடு மறுக்கப்பட்டமை வியப்பன்று. 1980 இல்தான் மலடாக்கப்பட்டோருக்கு ஒருமுறைக் கொடுப்பனவாக 5,000 மார்க் வழங்க வழி பிறந்தது. பரம்பரைச் சுகாதார நீதிமன்றத் தீர்ப்புகள் 1998 இற் சட்டத்தால் நீக்கப்பட்டன.

கிழக்கு ஜேர்மனியின் நிலையும் நேர்மையாகக் கூறப்படல் வேண்டும். அங்கு 1947 டிரெஸ்டன் வழக்கிற் 'ரி 4' தலைவர்களுள் ஒருவரான நிட்சே மரணதண்டனை பெற்றார். ஆயின் பாசிசத்தை எதிர்த்துப் போராடியோரை முதன்மைப்படுத்திய அரச நினைவில், போராட்ட வீரராகக் காட்டமுடியாத நோயாளருக்கு இடமிருக்கவில்லை. சொன்னென்ஸ்டைன் கொலை நிலையம் இருந்த வளாகத்திற் பல்லாண்டுகள் தொழிற்சாலையே இயங்கிற்று. நினைவகம் 2000 இல்தான் திறக்கப்பட்டது.

அரசுகளின் மௌனத்திற்குக் குடும்பங்களின் மௌனம் துணையாயிற்று. பரம்பரை நோய் என்ற முத்திரை தம் பிள்ளைகள் மீதும் விழுமென்று அஞ்சி, கொல்லப்பட்ட உறவினரின் பெயரையே வீட்டிற் பேசாதிருந்தோர் பலர். கொலையை நியாயப்படுத்திய அதே இழிவு, கொலையை மறைக்கவும் பயன்பட்டது.

7. நினைவுகூரல்

மௌனத்தைக் கலைத்தோருட் பத்திரிகையாளர் ஏர்ன்ஸ்ட் கிளே முக்கியமானவர். அவர் 1983 இல் வெளியிட்ட நூல் விரிந்த ஆய்வுகளுக்கு வழிகோலியது. உயிர்தப்பியோர் 1987 இற் சங்கமாகத் திரண்டனர். பதினெட்டு, பத்தொன்பது வயதிற் கட்டாயமாக மலடாக்கப்பட்ட சிற்பி டொரொத்தேயா புக், 2019 இற் தமது 102 ஆவது வயதில் மறையும்வரை உளமருத்துவத்தைக் கேள்விக்குட்படுத்தி வந்தார். ஜேர்மன் உளமருத்துவர் சங்கம் 2010 இல் மன்னிப்புக் கோரிற்று. 2014 செப்டெம்பரில் டீர்கார்டன் வீதியில் 24 மீற்றர் நீளமான நீலக் கண்ணாடிச் சுவர் நினைவிடமாக எழுந்தது. 2025 ஜனவரியில் ஜேர்மன் பாராளுமன்றம், கொல்லப்பட்ட நோயாளரையும் மலடாக்கப்பட்டோரையும் நாசித் துன்புறுத்தலுக்கு ஆளானோராக வெளிப்படையாக ஏற்றது. எண்பது ஆண்டுகள் கடந்தபின் வந்த அவ்வேற்பைக் கேட்க அநேகமாக எவரும் எஞ்சியிருக்கவில்லை.

ஒரு விவாதம் அண்மைவரை தொடர்ந்தது. கொல்லப்பட்டோரின் பெயர்களை வெளியிடலாமா, அது உயிருடனுள்ள உறவினருக்கு இழுக்காகுமா என்பதே அது. இழுக்காகும் என்போர், மனநோயும் வலதுகுறைவும் வெட்கத்திற்குரியன என்ற நாசிகளின் முற்கோளைத் தம்மையறியாமலே ஏற்பவராவர். பெயர்களை மறைப்பது கருணையின் பெயரால் நிகழும் இன்னொரு நீக்கமாகும்.

இவ்வரலாற்றில் நாம் கற்கவேண்டியது, கொடியவர் சிலர் ஆட்சியைக் கைப்பற்றினர் என்பது மட்டுமன்று. மனிதரின் மதிப்பு அவர்தம் உழைப்பின் பயனால் அளக்கப்படத்தக்கது என்ற கருத்து, சந்தையின் பெயரால் வந்தாலும், தேசத்தின் பெயரால் வந்தாலும், உழைக்கும் மக்களின் நலன் என்ற பெயரால் வந்தாலும், அதன் இறுதிக் கணக்கு ஹார்ட்ஹைம் ஏட்டில் எழுதப்பட்டுள்ளது என்பதேயாம். கிராபெனெக் மாளிகை கொலை நிலையமாவதற்கு முன் வலதுகுறைந்தோர் இல்லமாக இருந்தது. யுத்தத்தின் பின் மீண்டும் அவ்வாறே ஆயிற்று. பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட அவ்விடத்தில், அன்று சிவப்புக் குறி பெற்றிருக்கக் கூடியோர் இன்று வாழ்கின்றனர், வேலை செய்கின்றனர், வேலை செய்ய இயலாதோர் வேலை செய்யாமலே வாழ்கின்றனர். கொல்லப்பட்டோருக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னங்களுள் இதுவே மிகப் பொருத்தமானது எனலாம்.